ஏழு வயது நிரம்பிய அனைவரும்

அக்கா,

இன்று காலை ட்ராமில் ஒரு நாய் வந்து என் காலடியில் படுத்தது. அது தலையை உதறியபோது கழுத்தில் ஏதோ கிணுகிணுத்தது. குனிந்து பார்த்தேன். நாய்வரி கட்டியதற்காக நகரசபை கொடுக்கிற சின்னத் தகடு. அதில் ஊரின் பெயர், கீழே ஓர் எண். இந்த நாட்டில் தினமும் காண்கிற பொருள்தான். ஆனால் இன்று அதற்குமேல் பார்க்க முடியவில்லை. அடுத்த தரிப்பிலேயே இறங்கி, வேலைக்கு நேரமாவது தெரிந்தும் அங்கே கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜேர்மன் மொழியில் நாம் ஒருவரையொருவர் ‘நீ’ என்றுதான் பேசிக்கொண்டோம். தமிழில் எழுத உட்கார்ந்தால் ‘நீங்கள்’ என்றுதான் வருகிறது. அக்கா என்ற சொல்லை நான்தான் உங்களுக்குச் சொல்லித்தந்தேன். மூத்த சகோதரியை உங்கள் மொழியில் எப்படி அழைப்பீர்கள் என்று நீங்களும் சொல்லித்தந்தீர்கள். என் நாக்கு அதற்கு வளையவில்லை. நீங்கள் சிரித்தீர்கள்.

லைப்சிக்கில் அந்த முதியோர் இல்லத்துக்கு நான் பராமரிப்புப் பயிற்சிக்கு வந்தபோது நீங்கள் அங்கே மூத்த தாதி. நமீபியாவில் ஹெரேரோ இனத்தில் பிறந்தவர். இளவயதில் நாட்டை விட்டு வெளியேறி, கிழக்கு ஜேர்மனிக்குத் தாதிப் படிப்புக்கு வந்து, பேர்லின் மதில் விழுந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர்.

அங்கே தொண்ணூறு தாண்டிய ஓர் அம்மா இருந்தார். உங்கள் நாடு ஜேர்மனியர் கையில் இருந்த காலத்தில், அங்கே ஒரு ஜேர்மன் பண்ணைக்காரரின் மகளாகப் பிறந்தவர். நீங்கள் முதன்முதலாக அவருக்குத் தலை வாரிவிட்டபோது, திடீரென்று உங்கள் மொழியில் ஏதோ சொன்னார். நான் வியந்துபோனேன். வெளியே வந்ததும், என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“தண்ணீர் கொண்டு வா, கதவைச் சாத்து, சீக்கிரம் வா. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இப்படித்தான். பிறகு ஒரு தாலாட்டு,” என்றீர்கள். “இவளை வளர்த்தவள் எங்கள் ஆள்.”

அந்தத் தாலாட்டின் மறந்துபோன வரிகளை நீங்கள்தான் அவருக்குப் பாடிக் காட்டினீர்கள். உங்கள் கை பட்டால்தான் அந்த அம்மா சாப்பிடுவார் என்று ஆயிற்று.

ஒரு மாலை அவருடைய மகன் பழைய பிஸ்கட் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். தாயின் சிறுவயதுச் சாமான்கள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா பெட்டியை மடியில் கவிழ்த்தார். பொத்தான்கள், ஒரு மரக்குதிரை, அவற்றோடு கைநிறையப் பித்தளை வில்லைகள். ஒவ்வொன்றிலும் ஒரு துளை.

“இது எங்கள் காசு,” என்றார் சந்தோஷமாக. “தங்கைகளோடு கடை விளையாடுவேன். நான்தான் கடைக்காரி.”

நீங்கள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தீர்கள். மேலே ஒரு கிரீடம், நடுவில் மாவட்டத்தின் பெயர், கீழே எண்.

“இவை எங்கிருந்து வந்தன?” என்று கேட்டீர்கள்.

“வேலைக்காரர்களின் கழுத்தில் இருந்தவை. ஜேர்மன் ஆட்சி போனதும் கழற்றி எறிந்தார்கள். அப்பா பொறுக்கி வைத்தார்.”

நீங்கள் அந்த வில்லையை மெதுவாக அவர் மடியில் வைத்தீர்கள். தலையணையைச் சரிசெய்து, போர்வையை இழுத்துவிட்டு வெளியே வந்தீர்கள். துணி அடுக்கும் அறைக்குள் நான் வந்தபோது, மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணிகளின்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றீர்கள்.

அங்கே வைத்துத்தான் எனக்கு அந்தச் சட்டத்தைச் சொன்னீர்கள். ஜேர்மனியர் உங்கள் மக்களை அழித்த போரிலும், அவர்களைத் துரத்திவிட்ட பாலைவனத்திலும் செத்தவர்கள் போக, மிஞ்சியவர்களுக்காக எழுதிய சட்டம். நிலம் உங்களுக்குச் சொந்தமாக இருக்கக்கூடாது. ஆளுநர் அனுமதிக்காமல் மாடு வைத்திருக்கக்கூடாது. மாட்டை நம்பியே வாழ்ந்த மக்களுக்கு. பிழைக்க வழி இருப்பதாகக் காட்ட முடியாதவர் நாடோடி என்று தண்டிக்கப்படுவார். ஏழு வயது நிரம்பிய அனைவரும் எண் பொறித்த வில்லையை அணிந்திருக்க வேண்டும். எந்த வெள்ளைக்காரனும் நிறுத்திக் காட்டச் சொல்லலாம்.

“ஏழு வயதா?” என்று கேட்டேன். நான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

“ஏழு,” என்றீர்கள். “என் அப்பாவின் மூத்த அக்காவுக்கு அந்த வயதில் கட்டினார்கள். அவர் கிழவியான பிறகும் வாசலைத் தாண்டும்போது கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார். வில்லை இருக்கிறதா என்று. அதைக் கழற்றி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.”

என் மகளுக்கு அந்த மாதம்தான் ஏழு வயதாகியிருந்தது. வீட்டுக்குப் போனபோது முன்பல் இல்லாத வாயால் பள்ளிக்கூடத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தேன். “என்னப்பா, சுகமில்லையோ?” என்று என் கணவர் கேட்டார். “இண்டைக்கு ஒரு கதை கேட்டனான். சொல்ல ஏலாமல் கிடக்கு,” என்றேன்.

மறுநாள் என் கதையை உங்களிடம் சொன்னேன். யுத்தத்துக்குத் தப்பி அகதியாக வந்த புதிதில் மாவட்ட எல்லையைத் தாண்ட எங்களுக்கு அனுமதி இல்லை. ஹம் நகரிலுள்ள தமிழர் கோயிலில் அம்மன் தேர் பார்க்க ரயில் ஏறிய என்னைப் பொலிஸார் பாதி வழியில் இறக்கி, எல்லோரும் பார்க்க விசாரித்துத் திருப்பி அனுப்பினார்கள். “உங்கள் கதைக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை,” என்றேன்.

“அப்படிச் சொல்லாதே. உன்னை இறக்கினார்கள். அது உனக்கு நடந்தது,” என்றீர்கள்.

அதன் பிறகும் நீங்கள் அந்த அம்மாவைக் குளிப்பாட்டினீர்கள், ஊட்டினீர்கள். எனக்குத் தாங்கவில்லை. எப்படி முடிகிறது என்று கேட்டேன். “அவளும் குழந்தைதான். அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்லப்போகிறேன்,” என்றீர்கள்.

சொன்னீர்கள். கட்டிலருகே கதிரையைப் போட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் அப்பாவின் அக்கா கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதைச் சொன்னீர்கள். குரலை உயர்த்தவில்லை.

“என்னை வளர்த்தவளுக்கு ஒரு மகள் இருந்தாள்,” என்றார் அந்த அம்மா. “எல்லா விளையாட்டுக்கும் வருவாள். கடை விளையாட்டுக்கு மட்டும் வரமாட்டாள். அந்தக் காசைத் தொடவே மாட்டாள். அவளுக்கு எண்ணத் தெரியாது என்று நாங்கள் சிரித்தோம்.”

பிறகு அவர் அழுதார். நீங்கள் அழவில்லை. கையை விடவும் இல்லை.

அவர் கேட்டுக்கொண்டபடி, அவர் இறந்த பிறகு மகன் வில்லைகளை உங்களிடம் தந்தார். விடுமுறையில் அவற்றை உங்கள் ஊருக்குக் கொண்டுபோனீர்கள். பெரியவர்கள் ஒரு துணியை விரித்து அடுக்கி வைத்தார்களாம். சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் சனம் வந்து பார்த்ததாம். “எண் இருக்கிறது. அது யார் என்று சொல்ல ஒருவருமில்லை. எங்கள் வீட்டு ஆள் அதில் இருந்தாலும் எங்களுக்குத் தெரியாது,” என்றீர்கள் திரும்பி வந்து. அன்றுதான் உங்கள் கண்ணில் நீரைக் கண்டேன்.

நோய் வந்து நீங்களே கட்டிலில் கிடந்தபோது ஒருநாள், எந்த முன்பேச்சும் இல்லாமல், “ஏன் ஏழு?” என்று கேட்டீர்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை. “ஒரு மேசையைச் சுற்றி ஆட்கள் இருந்திருப்பார்கள். கோப்பி குடித்திருப்பார்கள். ஒருவன் ஐந்து என்றிருப்பான், இன்னொருவன் பத்து என்றிருப்பான். ஏழு என்று முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தங்கள் பிள்ளைகளோடு சாப்பிட்டிருப்பார்கள். சட்டம் மழை மாதிரி வானத்திலிருந்து விழாது. யார் எழுதியது என்று கேள். எப்போதும் கேள்.”

அந்த மேசையை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. கொலை செய்தவர்களைவிட, கோப்பி குடித்துக்கொண்டு வயதைத் தீர்மானித்தவர்கள்தான் என்னைப் பதற வைக்கிறார்கள்.

நீங்கள் கண்மூடிய அடுத்த வருடம் எங்கள் ஊரில் யுத்தம் முடிந்தது. அங்கிருந்து வந்து சேர்ந்த ஓர் இளம்பெண்ணுக்கு மொழிபெயர்க்க, போன வாரம் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். அனுமதியில்லாமல் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று அதிகாரி சொன்னார். மரியாதையான மனிதர்தான். நான் தமிழில் சொன்னேன்.

“ஏனாம் அக்கா? என்ரை தமையன் கார்ல்ஸ்ரூஹேயிலை இருக்கிறார். பாக்கப் போகேலாதோ?” என்று அவள் கேட்டாள்.

அவள் கேட்டதை அப்படியே அவரிடம் சொன்னேன். “சட்டம் அப்படி,” என்றார்.

“யார் எழுதிய சட்டம்?” என்று கேட்டேன். எங்கள் காலத்தில் நான் அந்த அறையில் தலைநிமிர்ந்ததே இல்லை. அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தனக்குத் தெரியாது, இதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்றார். அவள் தமையனைப் பார்க்க விண்ணப்பம் எழுதித் தந்தால் பார்ப்பதாகவும் சொன்னார். கிடைக்குமா என்பது இன்னும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள். “கடைசியா அவரிட்டை என்னவோ கேட்டனீங்கள். அந்தாள் பேனையை வைச்சிட்டு உங்களைப் பாத்தார். என்னக்கா கேட்டனீங்கள்?”

“அது நான் கேட்டதில்லையம்மா. என்ரை அக்கா ஒராள் கேக்கச் சொன்னவ,” என்றேன்.