எந்தக் காசி?

12 ஜூலை 1988, செவ்வாய். நாள் முழுக்கச் சாரல்.

நேற்றுவரை ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் ஒரு நோயாளியைத் தேடி முடிப்பதற்குள் நான் டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன். இன்று பெயர்வாரியாக இண்டெக்ஸ் போட்டேன், புத்தகத்தின் கடைசியில் இருக்கும் பெயர்ப் பட்டியல் மாதிரி. பெயரைத் தட்டியதுமே விவரம் வந்தது. டாக்டர் கைதட்டினார்.

மாலையில், மேலகரம் ஊரிலிருந்து வந்திருந்த காசி என்ற நோயாளிக்குப் பென்சிலின் போடலாமா என்று வார்டிலிருந்து கேட்டார்கள். ஒத்துக்கொள்ளும் என்றது திரை. ஊசியோடு போன நர்ஸ் செல்லம்மாக்கா, போடாமல் திரும்பி வந்தார்.

"ஏட்டி, அவுக போன வருசம் இதே ஊசியால மேலெல்லாம் தடிச்சு இங்கனதான கெடந்தாவ? நீ எந்தக் காசியப் பாத்த?"

பண்பொழி ஊர்க் காசியை. இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு காசி. நான் எழுதிய தேடல் புரோகிராம் முதல் காசியோடு நின்றுவிட்டது.

நாளை ஊரையும் அப்பா பெயரையும் சேர்த்து இண்டெக்ஸ் போடுவேன். கடைசிக் காசிவரை சோதித்துப் பார்க்காமல் யாரையும் கைதட்ட விடமாட்டேன்.