எபி அப்பாவின் வால்வு

பாளையங்கோட்டை
4.8.2024

கர்த்தருக்குள் அன்பான கரோலினுக்கு,

இருபது வருஷம் கழித்து என் கையெழுத்தைக் கண்டு பயந்துவிடாதே. போனில் நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. அதனால்தான் கடிதம்.

இருதயத்திலிருந்து பெரிய ரத்தக்குழாய்க்குப் போகிற வால்வு சுருங்கிவிட்டதாம். தொடை வழியாகக் குழாய் விட்டுப் புது வால்வு வைக்கலாம் என்கிறார் டாக்டர். எழுபத்தொன்பது வயது, சிறுநீரகமும் பலவீனம். அதனால் அதிலும் ஆபத்து உண்டு. இல்லையென்றால் மாத்திரை. அது வால்வைத் திறக்காது, மூச்சு முட்டலைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். "மாத்திரையே போதும் சார்" என்று சொல்லிவிட்டேன். சார்ஜாவிலிருக்கும் நம் மகன் எபிக்கு இன்னும் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது கொக்கிரகுளம் பாலத்தில் ஆட்டோ நின்றது. ஆற்றில் நல்ல தண்ணீர். உன்னைப் பின்னால் வைத்து இந்தப் பாலத்தில் சைக்கிள் மிதித்தவன்தானே நான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாலமோன்

திருச்செந்தூர்
11.8.2024

எபி அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். கோபம்தான் வந்தது. முடிவையும் நீங்களே எடுத்துவிட்டு எனக்குத் தகவல் அனுப்புகிறீர்கள். இந்த ஊர்ப் பள்ளிக்கு எனக்கு மாற்றல் வந்தபோதும் "நீ போ, நான் வரல" என்று ஒரே பேச்சு. நான் ஓய்வு பெற்ற பிறகும் நீங்கள் கூப்பிடவில்லை. நானும் வரவில்லை.

ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள். என்னோடு வேலை பார்த்த லில்லி டீச்சர் எண்பது வயதில் அதே வால்வு வைத்து, இப்போது சந்தைக்கு நடந்தே போகிறார்கள்.

சைக்கிள் மிதித்ததை எழுதினீர்களே, விளக்கில்லாமல் போய்ப் போலீஸ்காரரிடம் மாட்டியதை ஏன் எழுதவில்லை? "கல்யாணமாகி ஒம்பது நாளுதான் ஆவுது அண்ணாச்சி, விட்டுருங்க" என்று கெஞ்சினீர்கள். அவர் சிரித்துக்கொண்டே காற்றைப் பிடுங்கிவிட்டார். வீடுவரை உருட்டிக்கொண்டே வந்தோம்.

கரோலின்

பாளையங்கோட்டை
25.8.2024

அன்பான கரோலின்,

அன்று வழி நெடுக நீ சிரித்தாயே, அதை மறப்பேனா?

நேற்று டாக்டர் மறுபடியும் வரச் சொல்லியிருந்தார். "வால்வா மாத்திரையாங்கத பெறகு பாப்போம் ஐயா. மூச்சு நல்லா இருந்தா என்ன செய்யணும்னு ஆசப்படுதிய?" என்று கேட்டார். "பைய யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

உன்னிடம் சொல்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் திருச்செந்தூர் வந்தேன். உன் மாடிப்படியில் ஏழு படி ஏறினேன். மூச்சு முட்டியது. நீ கதவைத் திறக்காவிட்டால் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. இறங்கிப் போய்ப் பஸ் ஏறிவிட்டேன். மீதிப் படிகளையும் ஏற வேண்டும், அதுதான் என் ஆசை. இதைப் போய் டாக்டரிடம் எப்படிச் சொல்ல?

சாலமோன்

திருச்செந்தூர்
5.9.2024

எபி அப்பா,

நீங்கள் ஏற வேண்டாம். நான் இறங்கி வருகிறேன். வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரர் தாஜ் முகம்மதுவிடம் சொல்லிவிட்டேன். "என்ன டீச்சர், திடீர்னு?" என்றார். "எங்க வீட்ல அவிய தனியா இருக்காவ" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

வால்வு வைக்கச் சொன்னது என் பயத்தில். எனக்காக வைக்க வேண்டாம், என் மேலுள்ள கோபத்தில் வேண்டாமென்றும் சொல்ல வேண்டாம். இந்தத் தடவை டாக்டர் சொல்வதை நானும் கூட இருந்து கேட்கிறேன். அப்புறம் உங்கள் மனசு எதைச் சொல்கிறதோ, அதற்குச் சரி என்பேன். எபியிடம் நானே பேசிவிட்டேன்.

திங்கட்கிழமை காலைப் பஸ்ஸில் வருகிறேன். என்னை அழைக்க பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்காதீர்கள். வீட்டிலேயே இருங்கள். கதவு மட்டும் திறந்திருக்கட்டும்.

உங்கள்
கரோலின்