ஞாயிற்றுக்கிழமை முக்காடு

ஆனையூர், மதுரை
20.9.2005

கர்த்தருக்குள் அன்பான மகள் ஜெஸிக்கு அப்பா எழுதுவது.

‘இங்கு யாவரும் சுகம்’ என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை அந்த வரியை விட்டுவிட்டேன். பதறாமல் உட்கார்ந்து படி. ஈமெயில் அனுப்பினால் அம்மாவும் திறந்து பார்ப்பாள். அதனால்தான் தபால்.

முருங்கை மரம் போன வாரக் காற்றில் ஒடிந்து விழுந்தது. நல்லவேளை, பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டர் தப்பித்தது. வெயில் இன்னும் குறையவில்லை. ஜெர்மனியில் குளிர் ஆரம்பித்திருக்கும். காதைப் பொத்திக்கொண்டு வெளியே போ.

நீ போடச் சொன்ன பிராட்பேண்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஆனையூருக்கு இன்னும் வரவில்லை என்று முதலில் சொன்னேன். அப்புறம் நம் லைன் பழசு, தாங்காதாம் என்றேன். இரண்டும் பொய். டெலிபோன் ஆபீஸ் லைன்மேன் சோலை மோடத்தோடு இரண்டு முறை வந்தார். ஊருக்குப் போகிறோம், பிறகு வாங்க என்று நான்தான் திருப்பி அனுப்பினேன். “அம்புட்டுப் பேரும் எப்ப வரும், எப்ப வரும்னு உசிர வாங்குறாங்க, நீங்க மட்டும் வேணாங்கிறீங்களே சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நெட் வேகமானால் எல்லாம் மாறிவிடும், வீட்டிலிருந்தே சினிமா பார்ப்பார்கள், டாக்டரிடம் பேசுவார்கள் என்று நீ எழுதுவாய். உன் ஆராய்ச்சியே அதுதானே. மதுரைக்காரனுக்கு எம்புட்டு வேகம் கொடுத்தாலும் பரீட்சை ரிசல்ட்டும் ரயில் டிக்கெட்டும்தான் பார்ப்பான் என்று நான் கிண்டல் செய்தேன். உண்மையில் நீ சொன்னதை நம்பினேன். நம்பியதால்தான் பயந்தேன். இனி கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசும்போது தலைமுடியைக்கூட எண்ணலாம் என்று எழுதியிருந்தாயே, அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மாவுக்குத் தலையில் முடி இல்லை, ஜெஸி. மார்பில் கட்டி. நீ லீவு முடிந்து திரும்பிப் போன பிறகு தெரியவந்தது. ஆபரேஷன் ஆகி, மருந்து ஏற்றி, குணமாகிவிடும் என்றுதான் இருந்தோம். இப்போது நுரையீரலுக்கும் போய்விட்டது. மகள் எங்கே இருக்கிறாள், வரச் சொல்லுங்கள் என்று போன வாரம் டாக்டர் சொன்னார். அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார்.

உன்னோடு பேச ஏன் ஞாயிறு காலை ஆராதனை முடிகிற நேரத்தை வைத்தோம் தெரியுமா? கோயிலிலிருந்து நேரே வந்த மாதிரி வெள்ளைச் சேலையில் முக்காடு போட்டு உட்காரலாம் என்பது அவள் யோசனை. விட்டு விட்டு நகரும் அந்தப் படத்தில் உனக்கு வேறு எதுவும் தெரியாது. அம்மா பாஸ்டரம்மா ஆகிட்டாங்க என்று நீ கேலி செய்தாய். அவளும் சிரித்தாள். நாங்கள் கோயிலுக்குப் போயே வெகு நாளாகிறது. கம்ப்யூட்டரை அணைத்ததும் அந்த முக்காட்டோடு அப்படியே படுத்துவிடுவாள்.

அவள் எம்.எஸ்ஸி. கணக்கு படித்துக்கொண்டிருந்தபோது அவள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்தது. போனவள் படிப்புக்குத் திரும்பவே இல்லை. கடைசிவரை பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குத்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். என் பிள்ளைக்கு அது நடக்கக்கூடாது, தீசிஸ் முடியும்வரை மூச்சுவிடக் கூடாது என்று வேதப்புத்தகத்தின் மேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். உனக்குச் சொல்லாமல் இருந்ததும் பாவம், இன்று சொல்வதும் பாவம். உன் அப்பாவுக்கு எந்தப் பக்கமும் போக்கில்லை.

புரொபசர்கள் முன்னால் பேசவேண்டிய தீசிஸ் பேச்சை முதலில் உங்களிடம் பேசிப் பார்க்கிறேன் என்று எழுதினாய் அல்லவா? அன்றிலிருந்து அவளைப் பிடிக்க முடியவில்லை. அவளே சோலைக்குப் போன் போட்டாள். “அவ போர்டுல எழுதுறது எனக்குத் தெளிவாத் தெரியணும்ங்க” என்கிறாள். அவள் உன்னைப் பார்ப்பதையே பேசிக்கொண்டிருக்கிறாள். நீயும் அவளைத் தெளிவாகப் பார்ப்பாய் என்று தோன்றவில்லையா, தோன்றித்தான் கேட்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

வருகிற முதல் தேதி சனிக்கிழமை சோலை வருகிறார். மறுநாள் உன் திரையில் அம்மா முழுசாகத் தெரிவாள். கன்னம் ஒட்டிப்போயிருக்கும். கழுத்து எலும்பு தெரியும். அதைத் திடீரென்று நீ பார்க்கக்கூடாது என்றுதான் சத்தியத்தை மீறி இதை எழுதுகிறேன்.

அவளைக் கண்டதும் உன் முகம் மாற வேண்டாம். அழுகையை அடக்கிக்கொள். அவசரப்படாமல் பேச்சை முழுவதும் பேசி முடி. நடுவில் நிறுத்திச் சந்தேகம் கேட்பாள், பொறுமையாகப் பதில் சொல். பேசி முடித்த பிறகு, லீவு கிடைத்திருக்கிறது, வாரேன்மா என்று சாதாரணமாகச் சொல். அப்பா எழுதினாரா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடு. என்னைத் திட்டட்டும். இத்தனை மாதம் அவள் என்னைத் திட்டவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கர்த்தர் உனக்குத் திடமனதும் நல்ல பயணமும் தருவாராக. படம் எவ்வளவு தெளிவாக வந்தாலும் அவளுக்கு அது போதாதும்மா. வந்துவிடு.

உன் அன்பு அப்பா,
இன்பசேகரன்