பார்க்காதவர்தான் முதலில் பேச வேண்டும்

அக்கா,

போன புதன்கிழமை இடைவேளையில் முட்டை பப்ஸ் வாங்கப் போனேன். தியேட்டர் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து வரும் ஏசி வாசனையும் கான்டீனில் சூடாகிற பப்ஸ் வாசனையும் ஒன்றாகச் சேருமே, அது மூக்கில் ஏறியதும் வாய் தானாக "ரெண்டு" என்று கேட்டுவிட்டது. ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. கேட்ட பிறகுதான் நீ போய்ச் சேர்ந்து நாலு மாசம் ஆகிறது என்பது உறைத்தது. கான்டீன் அம்மா இரண்டையும் காகிதத்தில் வைத்து நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் அவள் உன்னை விசாரித்தாள். "இன்னாமா, உங்கூட வருமே கண்ணாடி போட்ட அக்கா, ஆளயே காணோம்?"

சொன்னேன். கடையில் புடவை மடித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று சொன்னேன். அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நல்ல பொம்பளமா. போன வருசம் அந்த மெஸ்ஸுக்காரர் படம் ஓடிச்சே, அதுக்கு வாரா வாரம் வந்துக்கினு இருந்துச்சு. தனியாத்தான் வரும். இடைவேளைக்கு லைட்டு போடறதுக்கு முன்னாடியே எழுந்து வெளிய வந்துடும். கும்பல் வர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடும். ஏம்மா, படம் நல்லா இல்லியான்னு கேட்டேன். நல்லாத்தான் இருக்குது, எனக்கு இதோட போதும்னு சொல்லிச்சு."

நீ அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லையே அக்கா.

பெல் அடித்தது. எல்லாரும் உள்ளே போனார்கள். நான் போகவில்லை. இரண்டு பப்ஸையும் கையில் வைத்துக்கொண்டு வண்டி நிறுத்துகிற இடத்தில் நின்றிருந்தேன். ஆள் மாறிச் சொல்கிறாளோ என்றுகூட நினைத்தேன். ஆனால் 'எனக்கு இதோட போதும்' என்பது உன் வாயில்தான் வரும். சாப்பாடு ஆனாலும் சம்பளம் ஆனாலும் உனக்கு அந்த ஒரே வாக்கியம்தான்.

நம் கடையில் மூன்றாவது மாடியில் முகூர்த்தப் புடவை கவுன்டர் உன்னுடையது, பக்கத்துக் கவுன்டர் என்னுடையது. கல்யாண வீட்டார் வேன் பிடித்து வந்து பாயில் வட்டமாக உட்காருவார்கள். நீ புடவை விரிப்பாய். விரித்ததெல்லாம் மலைபோல் குவிந்த பிறகு முதலில் காட்டியதையே எடுப்பார்கள். நீ முகம் சுளித்ததே இல்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில், ஸ்டாக் ரூமில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே டப்பாவைத் திறக்கும்போதுதான் உன் உண்மையான முகம் வெளியே வரும். நீ, நான், பில் போடுகிற கவிதா. வேறு பேச்சு இல்லை, சினிமாதான்.

அந்த ரூமில் நமக்கென்று ஒரு சட்டம் இருந்தது, அதைப் போட்டவளும் நீதான். ஒரு நாள் கவிதா கொலை செய்தது யார் என்பதைப் பொரியலோடு சேர்த்து மென்றபடி சொல்லிவிட்டாள். நாம் இருவரும் அந்த வாரம் போவதாக இருந்த படம் அது. நீ கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தாய்.

"இனிமே இங்க ஒரு ரூல்ஸ். படம் பாக்காதவங்கதான் மொதல்ல பேசணும். பாத்தவங்க அப்பறம் வாயத் தொறங்க."

"பாக்காதவங்க இன்னாக்கா பேசறது?" என்றாள் கவிதா.

"ஏன், பேசறதுக்குப் பாத்துத்தான் ஆவணுமா? நம்ம கடைக்கு வர்றவங்க எல்லாம் கட்டிப் பாத்துட்டா பேசறாங்க?"

அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. பார்க்காதவர் போஸ்டரையும் ட்ரெய்லரையும் வைத்துக்கொண்டு கதையை ஊகித்து, படம் தேறுமா தேறாதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். பார்த்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர் பேசலாம். ஏன் போகவில்லை என்பதற்கும் காரணம் சொல்லியாக வேண்டும். கவிதா பேய்ப் படம் எதற்கும் போக மாட்டாள், அவள் வீட்டில் பாத்ரூம் வெளியே இருக்கிறது என்பது காரணம். நீயும் நானும் அதை ஏற்றுக்கொண்டோம்.

ட்ரெய்லரைப் பற்றி நீ சொன்னதை இன்னும் கவிதா சொல்லிக்கொண்டு திரிகிறாள். "ட்ரெய்லருன்றது பொடவ முந்தி மாதிரிடி. முந்திய விரிச்சிக் காட்டினா யாருதான் மயங்க மாட்டாங்க? உடம்பப் பிரிச்சிப் பாக்கணும்." பார்க்காத படத்தை நீ பிரித்துக் காட்டுவதுபோல் யாராலும் முடியாது. வில்லன் யாருக்கு மாமன், எந்தப் பாட்டில் மழை வரும், எல்லாம் சொல்வாய். பாதிக்கு மேல் சரியாகவே இருக்கும். எங்களுக்கு அதில் ஒரு பெருமை. பக்கத்துக் கடைப் பெண்களிடம்கூட, எங்கள் அக்கா படத்தைப் பார்க்காமலே விமர்சனம் சொல்வாள் என்று அளந்திருக்கிறோம். எவ்வளவு மக்குகள் பார் நாங்கள்.

முதலில் இருவருக்கும் புதன்கிழமைதான் லீவு. என் ஸ்கூட்டியில் போவோம். நான் ஓட்டுவேன், நீ பின்னால் உட்கார்ந்து சின்ன காஞ்சிபுரத்திலிருந்து தியேட்டர் வரைக்கும் விடாமல் பேசிக்கொண்டே வருவாய். எனக்கோ ஹெல்மெட். காற்றும் பஸ் ஹாரனும்தான் காதில் விழும். நீ நிறுத்துகிற இடத்தில் நான் "ம்" போடுவேன். இறங்கியதும் "புரிஞ்சிதா?" என்பாய். "ம்" என்பேன். அவ்வளவுதான் நம் பேச்சு, ஆனால் அதில் ஒரு குறையும் இருந்ததாக நான் நினைத்ததில்லை. போன வருஷம்தான் மேனேஜர் என் லீவைத் திங்கட்கிழமைக்கு மாற்றினார். அந்தச் சமயத்தில்தான் மெஸ்ஸுக்காரர் படம் வந்தது.

நான் திங்கட்கிழமை பார்த்தேன். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சின்னதாக மெஸ் நடத்துகிறார்கள். முதல் பாதி முழுக்க அவர்கள் இரண்டு பேர்தான். இடைவேளைக்கு வரும்போது அவரை லாரி அடித்துவிடுகிறது. இரண்டாம் பாதியில் மகன் அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். எனக்கு அழுது அழுது தலைவலி வந்துவிட்டது. உன்னிடம் சொல்ல வாய் துடித்தது, சட்டம் தடுத்தது. உன் புதன்கிழமை முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை மதியம் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே கேட்டேன்.

"நேத்து போனியாக்கா?"

"போவல. போவவும் மாட்டேன்."

பார்க்காதவள் நீ, ஆகவே முதலில் நீதான் பேசினாய். பேசினாயா, கிழித்தாய். "அந்தப் புருசன் கேரக்டரு சுத்தப் பொய்யிடி. மீன்ல முள்ளெல்லாம் எடுத்துட்டு பொண்டாட்டி தட்டுல வெப்பானாம். எந்த ஊர்ல இருக்கான் அப்டி ஒருத்தன்? நீயும் போயி அழுதுட்டு வந்திருக்கே."

கவிதா வாயைப் பிளந்தாள். "பாக்காமயே எப்டிக்கா கரெக்டா சொல்றே?"

"போஸ்டரப் பாத்தாலே தெரியுதுடி."

எனக்குக் கோபம். எங்கள் அப்பாவே அப்படித்தான் முள் எடுத்து வைப்பார் என்று சண்டை போட்டேன். நீ விடவில்லை. அந்தப் படம் தியேட்டரில் இருந்த வரைக்கும், யாராவது அதன் பேரை எடுத்தால் போதும், இலை போட்டுப் பரிமாறுகிற மாதிரி உட்கார்ந்து திட்டுவாய். கடைசியில் நம் ஸ்டாக் ரூமில் யாருமே அதைப் பற்றிப் பேசாமல் போனார்கள். நானும் விட்டுவிட்டேன்.

புதன்கிழமை வீட்டுக்கு வந்ததும் போனில் அந்த ட்ரெய்லரைத் தேடிப் பார்த்தேன். அதில் மீன் இல்லை அக்கா. போஸ்டரிலும் இல்லை. அந்த மீன் படத்துக்குள்ளேதான் இருக்கிறது. பிறகு படத்தையே போட்டேன். நீ எழுந்து போன இடம் எது என்று தேடினேன். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அவர் மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறார். மொபெட் ஸ்டார்ட் ஆகவில்லை. உதைத்துக்கொண்டே இருக்கிறார். அவள் வாசலில் நின்று சிரிக்கிறாள். பிறகு வண்டி கிளம்புகிறது. அடுத்த காட்சியில் லாரி, இடைவேளை, லைட். லைட்டுக்கு முன்னால் நீ கான்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தாய் என்றால், அவர் வண்டியை உதைக்கும்போதே நீ எழுந்திருக்க வேண்டும். முதல் தடவை மட்டும் லாரியைப் பார்த்திருப்பாய். அதற்கப்புறம் வாரா வாரம் அவர் உயிரோடு இருக்கிற வரைக்கும் பார்த்துவிட்டு வந்திருக்கிறாய்.

இது வரைக்கும் எனக்குப் புரிகிறது. ஏன் என்பதுதான் புரியவில்லை.

உன் வீட்டுக்காரர் நீ கடையில் சேருவதற்கு முன்பே தவறிவிட்டார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். நீ அவரைப் பற்றிப் பேசியதில்லை. உன் சாவு வீட்டில் உன் நாத்தனார் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்: "எங்கண்ணன் இவளத் தரையில நடக்க வுடலியே, தங்கமாட்டம் வெச்சிருந்தாரே, அவருகிட்டயே போயிட்டாளே." அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் எதிர்வீட்டு அம்மா என் காதில், "அந்தாளு இருந்த வரிக்கும் இவ சிரிச்சி நான் பாத்ததில்ல" என்றாள். அன்றைக்கு இரண்டும் என் மண்டையில் ஏறவில்லை. இப்போது இரண்டும் மாறி மாறி வருகின்றன. உனக்குக் கிடைத்து, பிறகு பறிபோனதைப் பார்க்கப் போனாயா? கிடைக்கவே கிடைக்காததைப் பார்க்கப் போனாயா? நாத்தனார் சொல்வதை வைத்துப் பார்த்தால் நீ எழுந்து போனதற்கு ஒரு அர்த்தம் வருகிறது. எதிர்வீட்டு அம்மா சொல்வதை வைத்துப் பார்த்தாலும் வருகிறது. இரண்டும் பொருந்துகிறதே, நான் என்ன செய்ய? ஒருவேளை ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து நீ இதையெல்லாம் சொல்லியிருப்பாயோ, நான்தான் "ம்" போட்டுக்கொண்டே ஓட்டியிருப்பேனோ என்றும் ஒரு நினைப்பு வந்து குடைகிறது.

கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை. என்னை ஏன் கூப்பிடவில்லை? மேனேஜர் காலில் விழுந்தாவது லீவை மாற்றிக்கொண்டு வந்திருப்பேன். எத்தனை மொக்கைப் படங்களுக்கு என்னை இழுத்துக்கொண்டு போயிருக்கிறாய், பக்கத்து சீட்டில் உட்கார வைத்து உன் பப்ஸிலும் பாதியைப் பிய்த்துக் கொடுத்திருக்கிறாய். உனக்கு வேண்டிய ஒரு படம் வந்தபோது மட்டும் நான் வேண்டாதவளா? அப்படியானால் நான் உனக்கு யார்தான் அக்கா? இன்னொன்றும் இருக்கிறது. பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று நீ சொன்ன மற்ற படங்கள்? எதையெல்லாம் பார்த்தாய், எதையெல்லாம் பார்க்கவில்லை? இப்போது எந்த மதியத்தை நினைத்தாலும் நம்பிக்கை வரவில்லை. கவிதாவிடம் இதைச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவளாவது உன்னை நம்பிக்கொண்டிருக்கட்டும்.

உன் கவுன்டருக்கு இப்போது பவித்ரா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். கை வேகம், வாயும் வேகம். உன் புதன்கிழமை லீவை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் வியாழக்கிழமை மதியம் நான் டப்பாவைத் திறந்ததும் அவள்தான் முதலில் கேட்டாள்.

"அக்கா, நேத்து அந்த ஸ்கூட்டி படத்துக்குப் போனியா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இடைவேளை வரைக்கும் பார்த்தவள் பார்த்தவளா, பார்க்காதவளா? அவள் எப்போது பேச வேண்டும்? நீ போட்ட சட்டத்தில் பாதி பார்த்தவளுக்கு இடமே இல்லையே.

அந்த முதல் பாதியில் என்ன இருந்தது என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன். இரண்டு பெண்கள் ஒரே வண்டியில் தினமும் வேலைக்குப் போகிறார்கள். பின்னால் இருப்பவள் பேசிக்கொண்டே வருகிறாள். முன்னால் இருப்பவள் ஹெல்மெட்டுக்குள் தலையை ஆட்டுகிறாள். அவ்வளவுதான் காட்சி. துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பார்த்தேன் என்று சொன்னால் இதைச் சொல்ல வேண்டும். சொன்னால் கவிதா ஓவர் ஆக்டிங் என்பாள். பவித்ரா ரொம்ப இழுவை, லேக் என்பாள். அவர்கள் மேல் தப்பு இல்லை, நாம் அந்த ரூமில் எல்லாப் படத்துக்கும் அதைத்தான் செய்தோம். ஆனால் இந்த ஒன்றுக்கு யாருடைய அபிப்பிராயமும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. நீயே எதிரே உட்கார்ந்திருந்தாலும் உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டேன் என்று அப்போது தோன்றியது. உனக்கும் இப்படித்தான் இருந்ததா? தெரியவில்லை.

"போவல" என்றேன்.

"அப்ப நீதான் மொதல்ல பேசணும்" என்றாள் கவிதா. சட்டத்தை அவள் இன்னும் விடவில்லை.

பேசினேன். "இன்னா இருக்கப்போவுது? ரெண்டு பொம்பளைங்க வண்டியில போறாங்க. பின்னாடி இருக்கறவ பேசிக்கினே வர்றா, முன்னாடி இருக்கறவளுக்கு ஒரு எழவும் கேக்கல. சும்மா தலைய ஆட்டிக்கினு இருக்கா. இதுக்கு ஒரு படம், அதுக்கு ஒரு டிக்கெட்டு." பேசப் பேச எனக்கே தெரியாமல் வாய் நீண்டுகொண்டே போனது. கவிதா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பவித்ரா ஞாயிற்றுக்கிழமையே அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாளாம். கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டாள்: "பாக்காமயே எப்டிக்கா கரெக்டா சொல்றே?"

கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.

"போஸ்டரப் பாத்தாலே தெரியுதுடி" என்றேன்.