பிளேட்டில் இருக்கிற மாதிரி

4 மார்ச் 1934, குளுவாங்

வேலையில் இருந்த காலத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, யாருமே கேக்காம பாடுனா அது பாட்டா?" யாரும் இறைக்காவிட்டாலும் கிணற்றில் இருப்பது தண்ணீர்தானே என்று சொல்லிவைத்தேன். இன்று விடியலில் பலகைச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டு அங்கம்மாள் தோடி பாடியபோது அந்தப் பதில் போதவில்லை.

கீவளூர் அங்கம்மாள். ஜொகூரில் கிராமபோன் பெட்டி வைத்திருக்கும் எந்தத் தமிழ் வீட்டிலும் அவர் பாடிய பிளேட் இருக்கும். இளவயதில் பாடிக் கொடுத்தது. அவரை இங்கே அழைத்து வந்த காண்ட்ராக்டர் இறந்தபிறகு அங்கம்மாள் வீட்டுப் படியை யாரும் மிதிப்பதில்லை. கல்யாணத்துக்குப் பிளேட்டை அழைப்பார்கள். அவரை அழைக்க மாட்டார்கள்.

11 மார்ச்

பங்குனி உத்திரத்துக்கு அவரைப் பாடவைக்கலாமே என்று கோவில் தலைவரும் ரப்பர் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவுமான சபாபதி கிராணியிடம் கேட்டேன்.

"அவங்க இன்னும் உசுரோடயா இருக்காங்க? சரி வாத்தியாரே, பாடட்டும். கூட்டம் சேரும்லா."

அங்கம்மாளிடம் சொன்னேன். மூலையில் சாய்த்திருந்த தம்புராவை எடுத்துத் துடைத்தார். பிறகு, "ஜனங்க முன்னாடி பாடி எத்தனை வருஷமாச்சு வாத்தியாரய்யா! ஒரே ஒரு தடவை முழுசாப் பாடிட்டாப் போதும் எனக்கு."

12 மார்ச்

தம்புராவுக்குப் புதுத் தந்தி போட்டிருக்கிறார்.

30 மார்ச்

இன்று பங்குனி உத்திரம்.

பந்தல் நிறையத் தோட்டத்து ஜனம். பிளேட்டில் எடுத்த எடுப்பிலேயே பாட்டு வந்துவிடும், மூன்று நிமிஷத்தில் முடிந்தும்விடும். தட்டில் அவ்வளவுதான் அடங்கும். அங்கம்மாளோ ஆலாபனையை நிதானமாக, கனத்த குரலில் ஆரம்பித்தார்.

"என்னம்மா, பாட்டு மறந்துபோச்சா?"

"பிளேட்டுல இருக்கிற மாதிரி பாடு!"

ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "இது அங்கம்மா இல்லடி. அது கொரலு கிளி மாதிரில்ல இருக்கும்! இது எவளோ கெழவி."

ஒரே சிரிப்பு. கிராணி மேடையேறினார். "போதும்மா, ஜனம் அசல் பாட்டக் கேக்குது." அங்கம்மாள் பக்கத்திலேயே கிராமபோன் பெட்டியை வைத்துச் சாவி கொடுத்தார்.

யோவ், அவங்கதான்யா அது! கத்தினேன். எவன் கேக்குறான்?

அவர் தம்புராவை அணைத்தபடி, பிளேட் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். கைதட்டல் — பெட்டிக்கு. அவருக்கென்று நான் வாங்கிப்போன மாலையையும் பெட்டிக்குத்தான் போட்டார்கள்.

2 ஏப்ரல்

எங்கள் பள்ளிச் சுவர்ப்படத்தில் யானை செம்மண் நிறத்தில் அச்சாகியிருந்தது. சர்க்கஸ் வந்தபோது கறுப்பு யானையைப் பார்த்து, "இது யானை இல்ல ஐயா" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். யானைக்கு வலித்திருக்காது.

சுவருக்கு அப்பால் சத்தமே இல்லை.

20 மே

விடியலில் மறுபடியும் குரல். ஆலாபனை கிடையாது. தொண்டையை நெரித்து, கிளிபோல உயர்த்தி, ஓட்டமாக அதே பாட்டு. சட்டென்று நிற்கிறது. திரும்ப முதலிலிருந்து.

தெருவில் போன கிராணி நின்று கேட்டார். "இப்பத்தான்யா பிளேட் மாதிரி இருக்கு. அடுத்த வருசம் கூப்பிடலாம்லா."

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் ஒன்று செய்து பாருங்கள்: உங்களுக்குத் தெரிந்த பாட்டை ஒருவர் நேரில் பாடினால், வாயை மூடிக்கொண்டு கடைசிவரை கேளுங்கள்.