றோசா அம்மாவின் கல்வெட்டு

உ
முருகன் துணை

செயின்ட்-மிஷேல்,
மொன்றியல்.
2.6.1997

அன்புள்ள அண்ணைக்கு,

போன கிழமை போனில் உங்கள் பேச்சைவிட இருமலைத்தான் கூடக் கேட்டேன். கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறீர்களா? கௌரி அண்ணி இப்போது இல்லையென்று அடுப்பைக் குளிரவிடாதீர்கள்.

ஒரு அலுவலாக எழுதுகிறேன். எங்கள் வீட்டுச் சொந்தக்காரி, கீழ்வீட்டு றோசா அம்மாவை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். வெள்ளைத் தொப்பியும் கிட்டாருமாகக் கெபெக் முழுக்கக் கன்ட்ரி பாட்டுப் பாடித் திரிந்தவர். லொறிக்காரரும் பண்ணைக் கமக்காரரும் இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் முகம் மலர்வார்கள். ரேடியோக்காரர்தான் மறந்துபோனார்கள். எனக்குப் பிரெஞ்சு வந்ததே, சமைக்கும்போது கீழேயிருந்து கேட்கும் அவருடைய பாட்டில்தான்.

செப்டெம்பரில் அவருக்குத் தொண்டையில் ஒப்பரேஷன். பிறகு பாடலாமோ என்பது டொக்டருக்கே தெரியாதாம். அதற்கு முதல், ஓகஸ்டில், ஆற்றுக்கு அக்கரை லொங்குய்யில் கடைசிக் கச்சேரி வைக்கிறார்.

அம்மாவின் திவசத்தன்று சாப்பிட வந்தவர், விளக்கடியில் இருந்த அம்மாவின் கல்வெட்டை எடுத்துப் பார்த்தார். "இதென்ன புத்தகம்?" என்றார். செத்தவரின் வாழ்க்கையைப் பாட்டாக எழுதி, முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுப்போம்; இது நான் எழுதி அண்ணை அச்சடித்தது என்றேன்.

"எனக்கும் ஒண்டு எழுது."

"ஐயோ, அது செத்தாப் பிறகு!"

"செத்தாப் பிறகு நான் எப்பிடி வாசிக்கிறது?"

அன்றிரவே கொப்பியை எடுத்தேன், அண்ணை. எழுதி முடித்துவிட்டேன். கச்சேரிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க இருநூறு பிரதி அடித்துத் தருவீர்களா? காசு அவருடையது, கணக்கு என்னுடையது.

உங்கள் தங்கை,
ஈசு


கௌரி அச்சகம்,
ஸ்காபரோ.
11.6.1997

தங்கச்சி ஈசுவரிக்கு,

இருமல் பரவாயில்லை. உன் கடிதம் வந்தபின்தான் நெஞ்சு அடைத்தது.

உனக்கென்ன விசரோ? உயிரோடை இருக்கிற மனுசிக்குக் கல்வெட்டோ? அட்டையில் தோற்றம், மறைவு என்று இரண்டு திகதி வரவேணும். ஒன்றை நீ தருவாய். மற்றதை நான் யமனுக்குப் போன் எடுத்துக் கேட்கிறதோ? விரதம் பிடிக்கிற நீ இப்படி அபசகுனம் பிடித்த வேலைக்கு இறங்கலாமோ?

அம்மாவுக்கு அடித்தேன். கௌரிக்கு அடித்தேன். அந்த மெசினில் இதை ஏற்றமாட்டேன். வாழ்த்துமடல் என்றால் சொல்லு, தங்க எழுத்தில் அடித்துத் தருகிறேன்.

அண்ணை,
அரியரத்தினம்


மொன்றியல்.
20.6.1997

அன்புள்ள அண்ணை,

உங்கள் கடிதத்தை மகள் நிருஷா பிரெஞ்சில் சொன்னாள். றோசா அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாழ்த்துமடல் எட்டு இருக்கிறதாம். எல்லாம் பேஸ்மென்டில் பெட்டிக்குள் கிடக்கிறதாம். "அதுகளிலை நான் நல்லவள் எண்டு மட்டும்தான் இருக்கு. உன்ரை அம்மாவின்ரை புத்தகத்திலை அவ மாடு வித்தது, மச்சாளோடை கோவிச்சது எல்லாம் இருக்கெண்டு நீதானே சொன்னனீ. எனக்கு அதுதான் வேணும்."

நானும் பயந்தவள்தான். போன வெள்ளிக்கிழமை, எழுதியதைக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஐயரிடம் கொடுத்தேன். தட்டில் வைத்து, அவருடைய ஆயுளுக்கு அருச்சனை செய்து தந்தார். அந்தத் திருநீற்றுப் பொட்டலத்தை றோசா அம்மா தொப்பிக்குள் செருகி வைத்திருக்கிறார்.

மறைவுத் திகதிக்கு உரிய இடத்தை வெறுமையாக விடட்டாம். அதை என்ன செய்வது என்று தனக்குத் தெரியுமாம்.

ஒரு பாட்டை மட்டும் வாசித்துவிட்டு முடிவு சொல்லுங்கள்:

பனிபொழியும் நெடுந்தெருவில் பாரலொறி ஓட்டுபவர்
தனிமையெலாம் தீர்ந்திடவே தந்திகளை மீட்டியவள்
இனிமைமிகு குரலாலே இசைத்தட்டுப் பலபாடிக்
கனிவுடனே வாழ்கின்றாள் கன்ட்ரியிசை றோசாவே

உங்கள் ஈசு


ஸ்காபரோ.
22.7.1997

ஈசு,

அந்த ஒரு பாட்டோடு நிற்க முடியாமல் நான் கேட்டு, நீ அனுப்பிய மிச்சமும் வாசித்தேன். மூன்றாம் பாட்டில் தளை தட்டியது, திருத்திவிட்டேன். மனுசி இரண்டு புருசன்மாரைத் துரத்தியதை நீ இவ்வளவு விளக்கமாக எழுதியிருக்கத் தேவையில்லை.

இருநூறு பிரதி பஸ்ஸில் வருகிறது. தோற்றம் இருக்கிறது. மறைவுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். அப்படி விட்டு அடிக்க முதல் மெசினுக்குத் திருநீறு பூசினேன்.

அண்ணை


மொன்றியல்.
17.8.1997

அண்ணை, அண்ணை!

நேற்றைய இரவு இன்னும் காதுக்குள் நிற்கிறது. மண்டபம் நிறைந்து, சனம் சுவரோரம் நின்றது. எல்லாருக்கும் பூட்ஸ், எல்லாருக்கும் தொப்பி. நான் மட்டும் காஞ்சிபுரம்.

நடுவில் றோசா அம்மா பாட்டை நிறுத்தி, "மடாம் ஜெகா, மேலை வா" என்றார். அவருக்கு நான் இன்றைக்கும் என் புருசனின் பெயரில்தான் மடாம். முருகா என்று ஏறினேன். "நான் செத்தாப் பிறகு நீங்கள் சொல்லப்போறதை, இவ இப்பவே எழுதிப்போட்டா. முதல் அவவின்ரை பாஷையிலை கேளுங்கோ" என்றார். எட்டாம் வகுப்போடு நின்ற நான், ஒரு தமிழரும் இல்லாத அந்த மண்டபத்தில், விருத்தத்தை ராகம் இழுத்துப் பாடினேன். பிறகு பூட்ஸ் காலால் தரையை அடித்தார்களே, மேடை அதிர்ந்தது!

நிருஷா பிரெஞ்சில் ஆக்கிக் கொடுத்ததை றோசா அம்மா தன் மெட்டில் பாடினார். துரத்திய புருசன்மார் வந்த இடத்தில் சனம் விசிலடித்தது. தன் வாழ்க்கை முழுவதையும் தன் குரலாலேயே பாடி முடித்தார், அண்ணை. யாருக்குக் கிடைக்கும்?

முடிந்ததும் வரிசை வாசல்வரை நின்றது. ஒவ்வொரு கல்வெட்டிலும், மறைவுக்கு நீங்கள் விட்ட இடத்தில், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு லொறிக்காரர், "ஒரு எழுத்தும் விளங்கேல்லை, ஆனா லொறியிலை முன்னுக்குத்தான் வைப்பன்" என்றார். இருநூறும் முடிந்து, கிடைக்காதவர்கள் என்னோடு சண்டை. இன்னும் ஐந்நூறு வேண்டும். கல்வெட்டுக்கு இரண்டாம் பதிப்பு வந்ததை எங்கேயாவது கேள்விப்பட்டீர்களா?

உங்களுக்கென்று கையெழுத்துப் போட்ட பிரதி இதோடு வருகிறது.

ஈசு


ஸ்காபரோ.
29.9.1997

அன்புள்ள தங்கச்சி,

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததென்று நிருஷா போனில் சொன்னாள். குரல் கரகரக்கிறதாம், "கன்ட்ரிக்கு இதுதான் திறம்" என்றாராம். அந்த மனுசியை யமனும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அனுப்பியிருப்பான்.

ஐந்நூறும் அடித்தாயிற்று. இந்த முறை மெசினுக்குத் திருநீறு பூசவில்லை.

அவருடைய பிரதியைக் கௌரியின் கல்வெட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு இரண்டையும் எடுத்து வாசித்தேன். அவளின் சமையல், பொறுமை, சிரிப்பு என்று பதினாறு பக்கம் அடித்திருக்கிறேன். அதில் ஒரு வரியையும் அவள் இருக்கும்போது நான் வாயால் சொன்னதில்லை, ஈசு.

தையில் எனக்கு அறுபத்தைந்து. எனக்கும் ஒன்று எழுது. கோபக்காரன் என்றும் எழுது. கௌரியிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டான் என்றும் எழுது. அச்சு என்னுடையது. வருகிற எல்லாருக்கும் நானே என் கையால் கொடுப்பேன்.

மறைவுக்குக் கீழே இடத்தைத் தாராளமாக விடப்போகிறேன். அரியரத்தினம் நீளமான பெயர்.

அண்ணை