மூன்றாவது துளை

அன்பு மாப்பிள்ளை, வில்லாபுரம் பட்டறையிலிருந்து உங்களுக்கு ஒரு செய்தியும் ஒரு கேள்வியும் கொண்டு வந்திருக்கிறேன்.

செய்தி முதலில். பட்டறையைச் செல்வி மூடவில்லை. என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் இருந்தபோதே பாதி வெல்டிங் அவள் கைதான், ஊருக்குத்தான் தெரியாது. நீங்கள் கண்மூடிய ஐந்தாம் மாதம் அவளுக்கென்று முதல் ஆர்டர் வந்தது. மாட்டுத்தாவணிப் பூக்கடை பாண்டிக்குப் பூத்தட்டு வைக்க எட்டு ஸ்டாண்டு.

பைப்பை ஒரே அளவாக அறுக்க நீங்கள் செய்து வைத்திருந்த ஜிக்கில், பிளேடு இறங்கும் வெட்டு தேய்ந்து அகன்றுவிட்டது. அறுப்பு கோணியது. அதனால் செல்வி புதிதாக ஒன்று செய்தாள். எல் வடிவ இரும்பு ஆங்கிளைப் பள்ளம் மேலே பார்க்கும்படி கட்டையில் பதித்தாள். ஒரு முனையில் பிளேடு இறங்க மெல்லிய வெட்டு; மறுமுனையில் துளை போட்டு ஒரு போல்ட்டு. பைப்பைப் பள்ளத்தில் படுக்க வைத்து, போல்ட்டில் முட்டவிட்டு அறுத்தால், எத்தனை அறுத்தாலும் ஒரே நீளம்.

உங்கள் பழைய ஜிக்கில் விரற்கடை இடைவெளியில் மூன்று துளைகள் இருந்தன. போல்ட்டு கடைசித் துளையில் நின்றது.

"மத்த ரெண்டும் என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"அளவு தப்பிப் போட்டிருப்பாரு. அவரு தப்பையுமாண்ணே காப்பி அடிக்கச் சொல்ற?" என்றாள்.

முதல் இரண்டு ஸ்டாண்டு போன மூன்றாம் நாள் பாண்டி வந்து நின்றார்.

"அக்கா, அண்ணே செஞ்ச ஸ்டாண்டுல தண்ணி தங்காது. ஒங்க ஸ்டாண்டுல குளமா நிக்குது, விட்டா மீன் வளக்கலாம். அடிப்பூ அம்புட்டும் அழுகிருச்சு."

"லெவல் பாத்துத்தான தம்பி குடுத்தேன். இம்புட்டுக்கூடச் சாயலையே?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. வெள்ளிக்கெழமைக்குள்ள சரியாகலைன்னா வேற பட்டறையில சொல்லிருவேன். கோவிச்சுக்காதீங்க."

செல்வி அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணிக்குப் பஸ் ஏறினேன். நிருபராக இத்தனை வருஷத்தில் நான் கற்றது அது ஒன்றுதான்: சம்பவ இடத்துக்குப் போவது. பாண்டியின் கடையில் நீங்கள் செய்த ஸ்டாண்டு ஒன்று இருந்தது. குனிந்து நான்கு கால்களையும் அளந்தேன். பின்கால்கள் கடைசித் துளையின் அளவு. முன்கால்கள் ஒரு விரற்கடை குறைவு, அதாவது நடுத் துளையின் அளவு. தெளிக்கிற தண்ணீர் தங்காமல் முன்பக்கம் ஓடி, கடை வாசல் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது.

போனில் செல்வியிடம் சொன்னேன்.

"அப்ப அது தப்பில்லையா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்னவாம் இந்த மனுசனுக்கு?"

திட்டியபடி அழுதாள், மாப்பிள்ளை. பிறகு எழுந்துபோய் நடுத் துளையைப் போட்டு, முன்கால்களை அந்த அளவுக்கு அறுத்தாள். வியாழக்கிழமை எட்டு ஸ்டாண்டும் கடையில் இருந்தன. பாண்டி ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது ஓடி முடியும்வரை பார்த்தார். "இது அண்ணே ஸ்டாண்டுக்கா" என்றார்.

இனிக் கேள்வி. புதிய ஜிக்கில் செல்வி மூன்று துளைகளையும் போட்டிருக்கிறாள். பின்காலுக்கு ஒன்று, முன்காலுக்கு ஒன்று; மீதமுள்ள மூன்றாவது எதற்கென்று அவளுக்கும் தெரியாது. "இருக்கட்டும்ணே, இனிமே அவரு போட்டதத் தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்கிறாள்.

அது எந்தக் கடைக்காக, மாப்பிள்ளை? கொட்டாம்பட்டிப் பக்கம்கூட வேலைக்குப் போவீர்களே, அங்கே யாருடைய மேடுபள்ளத் தரைக்காகவாவது போட்டதா? டேப் என் பையிலேயே இருக்கிறது. கண்டுபிடித்துச் செல்வியிடம் சொல்வேன். ஒருவேளை அது உண்மையிலேயே அளவு தப்பிய துளை என்றால், அதையும் மறைக்காமல் உங்களுக்கு எழுதுவேன்.

டேப்போடு அலையும்,
உங்கள் மச்சான்